அருள்நாயகிக்கு ஒரு ஸ்பானிய அப்புக்காத்து

“கண்ணாலை கண்டனீயோ, இல்லாட்டிக் கேள்விப்பட்டனீயோ? அதை முதல் சொல்லு.”

“கண்ணாலைதான் கண்டனான் ஆச்சி. ட்ராம் தரிப்பிலை. அந்தச் சிலி நாட்டுப் பெடியன் அருளக்கான்ரை கன்னத்திலை கொஞ்சினவன். அவ சிரிச்சுக்கொண்டு நிண்டவ.”

“அவையின்ரை வழக்கம் அது பிள்ளை. போகேக்கை கன்னத்தோடை கன்னம் வைச்சிட்டுத்தான் போவினம். என்னையும் கொஞ்சினவன்.”

உதயகுமாரி ஈர உடுப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களையோ?”

“ஓம். இந்தக் கன்னத்திலை. ஊருக்குச் சொல்லேக்கை அதையும் சேர்த்துச் சொல்லு.”

இது எங்கள் புளொக்கின் கீழ்த்தட்டில், எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை அறையில் நடந்த கதை. என்னைக் கொஞ்சியதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. கிழவியைக் கொஞ்சிய கதையில் சுவை இல்லைப்போலும். அருள்நாயகி ஸ்பானியக்காரனோடு ஓடப்போகிறாள் என்று மட்டும், ஒஸ்லோவில் நாங்கள் இருக்கிற ஃபுருசெத் பகுதி முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆகவே நடந்ததை நடந்தபடி நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோர்வே எங்கள் நாட்டுச் சண்டைக்கு நடுவில் நின்று சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சுனாமிக்கு முந்தின வருடம். அருள்நாயகி என் மகன் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருந்தாள். மன்னாரில் பேசாலை அவளுடைய ஊர். கலியாணம் பேசி, விசா எடுத்து, பனிக்காலத்தில் செருப்போடு வந்து இறங்கியவள். ஒரு மகள், லீசா. புருசன் வின்சென்ற் பஸ் ஓட்டுகிறவன். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்வரிசையில் நிற்பான். சனம் அவளுக்கு எதிராகச் சொன்ன குற்றமே அதுதான்: இப்படி ஒரு மனிசனை ஆராவது விட்டுவிட்டுப் போவார்களா?

நான் எதிர் வீட்டில் இருந்தவள். எனக்குத் தெரியும். வின்சென்றிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவளிடம் எதைக் கேட்டாலும் அவன்தான் பதில் சொல்லுவான். “சுகமோ அருள்?” என்று நான் கேட்டால், “சுகமா இருக்கிறா ஆச்சி” என்பான். “மீன் கறி வைச்சனீயோ?” என்றால், “இண்டைக்கு அவவுக்கு மீன் வேண்டாமாம்” என்பான். பல்வைத்தியர் எந்தப் பல் என்று கேட்க, தன்னுடைய வாயைத் திறந்து தன்னுடைய பல்லைக் காட்டியிருக்கிறான். வைத்தியரும் அந்தப் பக்கத்துக்கு ஊசியைப் போட்டுவிட்டார். நல்ல பல் விறைத்துப்போய்க் கிடக்க, நொந்த பல்லோடு வீட்டுக்கு வந்தாள் அவள்.

“சொல்லியிருக்கலாமே பிள்ளை, இது இல்லை மற்றப் பக்கம் எண்டு.”

“சொன்னனான் ஆச்சி. அவ ஊசிக்குப் பயப்பிடுறா எண்டு இவர் அதையும் மொழிபெயர்த்துப்போட்டார்.”

அந்தப் பல் விசயத்தோடு அவள் தீர்மானம் எடுத்துவிட்டாள். தன்னுடைய அலுவலைத் தன்னுடைய வாயால் சொல்லிப் பிரிந்து போகவேண்டும். நடுவில் வேறொருவர் வாய் இருக்கக் கூடாது. இந்த ஊரில் பிரிகிறதென்றால், வீடு என்ன, பிள்ளை என்ன என்று ஒழுங்காய்க் கதைக்க அப்புக்காத்து பிடிப்பது நல்லது. இப்போதைய பிள்ளைகள் லோயர் என்பார்கள். என் முழங்காலைக் காட்டப் போகிறோம் என்று சொல்லி இரண்டு பேரும் புறப்பட்டோம். அந்த வருடம் என் முழங்காலுக்கு ஒஸ்லோவில் நடக்காத வைத்தியம் இல்லை என்று வின்சென்ற் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறான்.

முதல் லோயர் ஒரு நோர்வேக்காரர், மரியாதையான மனிதர். அருள்நாயகியின் நோர்வே மொழி வேலைத்தலத்துக்குக் காணும், வழக்குக்குக் காணாது. அதனால் அவர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை, தொல்க் என்பார்கள், ரெலிபோனில் கூப்பிட்டு மேசையில் சத்தமாகப் போட்டார். பெயர் சொல்ல மாட்டார்களாம். எல்லாம் இரகசியமாம்.

“வணக்கம். நீங்கள் சொல்வதை அப்படியே மொழிபெயர்ப்பேன்” என்றது ரெலிபோன்.

நானும் அருள்நாயகியும் ஒருவரையொருவர் பார்த்தோம். பெயர் என்னத்துக்கு? ஞாயிறுதோறும் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிற லோறன்சின் குரல் அது. “இது ஆண்டவரின் அருள்வாக்கு” என்று சொல்லி முடிக்காததுதான் குறை. அவனும் வின்சென்றும் ஒரே மேசையில் தேத்தண்ணீர் குடிக்கிறவர்கள்.

அருள்நாயகி ஒருக்கால் இருமினாள். “ஒண்டுமில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்திலை நீந்துறதுக்கு உடுப்பு வேணுமாம். அதைப் பற்றிக் கேக்கத்தான் வந்தனான்.”

லோறன்ஸ் அதை அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தான். லோயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். நன்றி சொல்லி வெளியே வந்தோம். சுரங்க ரயிலுக்குள் அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். பிறகு சிரிக்காமலும் கொஞ்சம் விட்டாள்.

லோறன்சைக் குற்றம் சொல்லேன். அவன் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஆனால் வாயைக் காத்த மனிதனுக்கு முகத்தைக் காக்கத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு வின்சென்ற் சாதாரணமாய்ச் சுகம் விசாரிக்க, இவன் தேத்தண்ணீரைத் தன் சேட்டிலேயே ஊற்றிவிட்டான். லோறன்சின் பெண்சாதி பார்த்துக்கொண்டு நின்றாள். அதோடு வின்சென்ற் வீட்டில் ஏதோ இருக்கிறதென்று கதை கிளம்பிவிட்டது. வின்சென்றின் காதுக்கும் போனது. அன்று பின்னேரம் அவளைக் கேட்டானாம்: “ஏதும் பிரச்சினையோ? சீ, உனக்கென்ன பிரச்சினை.” கேள்வியும் அவனே, பதிலும் அவனே.

“லீசாவைக் கூட்டிக்கொண்டு போவமே? அவள் இஞ்சை பிறந்த பிள்ளை, நல்லாய்க் கதைப்பாள்” என்றேன் நான்.

“தாய் தேப்பன் பிரியிற கதையைப் பிள்ளையின்ரை வாயாலை சொல்லுவிக்கக் கூடாது ஆச்சி. நான் ஸ்பானிசிலை கதைக்கப்போறன்.”

எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் விளங்கியது. அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். அங்கே கட்டில் விரிப்பை இரண்டு பேராய்த்தான் மடிப்பார்கள். இவள் இரண்டு முனை, எதிரே சிலி நாட்டு மர்செலா இரண்டு முனை. முகத்துக்கு முகம் பார்த்து நின்று, மடித்து, கிட்ட வந்து முனையைக் கொடுத்து, திரும்ப விலகிப்போய், நாள் முழுக்க அதே வேலை. வருடக்கணக்காக ஒருத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்க முடியுமா? மர்செலாவின் பாஷை இவளுக்கு ஒட்டிவிட்டது. அந்தப் பாஷையில் இவளுக்குச் சண்டை பிடிக்கத் தெரியும், பகிடி விடத் தெரியும், மாமியாரைப் பற்றிச் சொல்லத் தெரியும். நோர்வே மொழியில் “துவாய் முடிஞ்சுது” என்று சொல்லத்தான் தெரியும்.

மர்செலா தன் தமக்கையின் மகனிடம் அனுப்பினாள். ரொட்ரிகோ, வடிவான பெடியன், ஸ்பானிசும் நோர்வேயும் படித்த லோயர். கொஞ்சினவன் இவன்தான். சின்னம்மாவின் சிநேகிதிகளென்று எங்களை ட்ராம் தரிப்பு வரை கொண்டுவந்து விட்டு, கன்னம் வைத்துவிட்டுப் போனான். உதயகுமாரி எந்த மரத்துக்குப் பின்னால் நின்றாளோ தெரியாது.

“பெடியன் கெட்டிக்காரன்போலை கிடக்கு” என்றேன்.

“இவன் வேண்டாம் ஆச்சி. நான் ஒரு வசனம் தொடங்க முதல் அவன் முடிக்கிறான். வீட்டிலை ஒண்டு காணும்.”

இதனால் மர்செலாவுக்கு மனத்தாங்கல். என்னுடைய தமக்கையின் மகனில் என்ன குறையென்று ஒரு நாள் முழுக்க விரிப்பை முகம் பாராமலே மடித்தாளாம். முனைகள் கோணலாய்ப் போக, மேற்பார்வையாளர் வந்து சத்தம் போட, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறொரு லோயரின் பெயர் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் பெயர் இங்குன். தும்புபோல வெளுத்த தலைமயிர், அசல் நோர்வேக்காரி. தாயும் தகப்பனும் வேதம் போதிக்கப் பொலிவியாவுக்குப் போனவர்களாம். இவள் அங்கே ஸ்பானிஸ் பேசி வளர்ந்தவள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆகவே முகத்தைத்தான் பார்த்தேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள். கேட்டுவிட்டுப் பேனையை வைத்துவிட்டாள். அருள்நாயகி வாய் திறக்கவில்லை. நான் என்றால் இடையில் பத்துக் கதை சொல்லியிருப்பேன். அந்தப் பெண் அசையாமல் இருந்தாள். பிறகு அருள்நாயகி தொடங்கினாள் பாருங்கள், குழாய் உடைந்ததுபோல. வின்சென்ற் என்பதும் லீசா என்பதும் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. ஓரிடத்தில் தன் பல்லைத் தானே தொட்டுக் காட்டினாள்.

“என்ன கேட்டவ பிள்ளை?” என்றேன் வெளியில் வந்து.

“உங்களுக்கு என்ன வேணும் எண்டு கேட்டவ.”

“அதுக்கு ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தனீ?”

“ஒருத்தரும் கேட்டதில்லை ஆச்சி. தேடவேண்டிக் கிடந்தது.”

அவளையே பிடித்துக்கொண்டாள். ஒளித்து ஓடவேண்டாம், புருசனுக்கு நீங்களே சொல்லுங்கள், லீசா பெரிய பிள்ளை, அவளையும் கேட்பார்கள் என்று இங்குன் சொல்லிக் கொடுத்தாள். அருள்நாயகி குசினியில் வைத்து வின்சென்றுக்குச் சொன்னாள். அவன் “அவவுக்குக் களைப்பு” என்று எனக்கு விளக்கம் சொன்னான். பிள்ளை உள்ளவர்கள் பிரிய முதல், இரண்டு பேரையும் இருத்திக் கதைக்கிற ஒரு இடம் இருக்கிறது. அங்கே போய் வந்தபிறகுதான் அவனுக்கு விசயம் உறைத்தது. லிப்ட் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“ஆச்சி, தமிழ்த் தொல்க் வேண்டாமாம், ஸ்பானிஸ் தொல்க் வேணுமாம்! அங்கை வேலை செய்யிற மனிசி ரெண்டுதரம் திருப்பிக் கேட்டா, நீங்கள் தமிழ் ஆக்கள்தானே எண்டு. இவ மளமளவெண்டு கதைக்கிறா, எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. தொல்க் நோர்வேயிலை சொல்லும் வரைக்கும் வாயைப் பாத்துக்கொண்டிருந்தனான்.”

“அவள் கதைச்சு முடியுமட்டும் நீ பொறுத்திருந்தனீயோ?”

“வேறை என்ன செய்யிறது?”

“நல்ல பாஷைதான்” என்றேன் நான். அவன் கோபித்துக்கொண்டு படியால் போனான். ஆனால் அங்கே அவள் சொன்னது எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். பிள்ளை தாயோடு இருப்பதற்கும் சம்மதித்துவிட்டான்.

புறப்பட்ட நாள் ஒரு சனிக்கிழமை. மர்செலாவின் தம்பி கீழே சாமான் ஏற்றுகிற வானோடு நின்றான். லீசா பெட்டிகளை லிப்டுக்கு அருகில் கொண்டுவந்து அடுக்கினாள். வின்சென்ற் வாசலில் காலுறையோடு நின்றான். ஒரு பெட்டியின் கயிறு அவிழ்ந்திருக்க, அவனே குனிந்து கட்டியும் விட்டான். மேல்மாடியிலிருந்து உதயகுமாரி குப்பைப் பையோடு இறங்கி வந்தாள். குப்பை போடுகிற முகம் இல்லை அது.

“என்ன வின்சென்ற் அண்ணை, பெட்டியளோடை அருளக்கா எங்கை பயணம்?”

வின்சென்ற் வாயைத் திறந்தான். “அவ...” என்றான். திரும்பி அருள்நாயகியைப் பார்த்தான்.

அவள் கையிலிருந்த பைகளைக் கீழே வைக்கவில்லை.

“நான் இவரை விட்டிட்டுப் போறன் உதயா. தொய்யெனிலை எனக்கும் லீசாவுக்கும் வீடு எடுத்திருக்கிறன். ஸ்பானியக்காரன் ஒருத்தனும் இல்லை, லோயர் ஒரு பொம்பிளை. வேறை என்ன தெரியவேணுமோ கேளுங்கோ, எல்லாத்துக்கும் நானே சொல்லுறன். ஆனால் முதல் அந்த லிப்டுக் கதவை ஒருக்கால் பிடியுங்கோ. கை கடுக்குது.”

உதயகுமாரி குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு, கதவைப் பிடித்தாள்.