பூஜை போட்ட மூலையில் கேபிள்: மந்தைவெளி டு பெருங்குடி

இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். வீட்டு வாசலில் சம்ப் தோண்டப் போகிற யாருக்காவது உதவட்டும்.

போன மாதம் மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் சம்ப், அதாவது தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, கட்ட முடிவானது. வாஸ்துப்படி ஈசானிய மூலை. வெள்ளிக்கிழமை காலை பூஜை, மறுநாள் குழி தோண்ட மெஷின். பிரசாதம் வாங்கும்போது கீழ்வீட்டு மாமி கேட்டார்: "தோண்டறச்சே ஆத்துல கரண்ட் போயிடாதே? மாமாவுக்கு ஆக்ஸிஜன் மெஷின் ஓடிண்டே இருக்கணும்."

கரண்ட் கேபிள் எந்தப் பக்கமாக வருகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது!

பூமிக்கடியில் கேபிள் ஓடும் இடத்தைக் காட்டும் கருவியை, பெருங்குடியில் ஆளோடு வாடகைக்குத் தருகிறார்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. அன்றைக்கே கிளம்பினேன். பறக்கும் ரயிலில் இருபது நிமிடம், டீ விலைகூட ஆகாது. திரும்பும்போது கருவிப் பெட்டியும் அதை இயக்கும் ஆளும் கூட இருந்ததால் ஆட்டோ, முந்நூற்றைம்பது ரூபாய். அடையாறு நெரிசலில் நன்றாக மாட்டிக்கொண்டோம்.

"இன்னா சார் அது, இம்மாம் பெரிய பெட்டி?" என்றார் ஆட்டோக்காரர்.

"மண்ணுக்குள்ள கரண்ட் எங்க ஓடுதுன்னு காட்டும்ணே," என்றார் கருவியோடு வந்த மீனா.

"அடப் போம்மா! எங்க தெருவுல இத்த வெச்சுப் பாக்காம தோண்டி, மூணு நாளு இருட்டுல குந்திக்கினு இருந்தோம்."

வாசல் முழுக்க மீனா கருவியோடு நடந்தார். எங்கும் சத்தமில்லை. ஈசானிய மூலையில், குங்குமம் வைத்த செங்கல் பக்கம் போனதும் அது வீல் என்று அலறியது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால், நேராக மாமி வீட்டு மீட்டரில் முடிந்தது. மீனா மூலைக்குத் திரும்பி, கொத்தனார் கரண்டியால் மெல்லச் சுரண்டினார். மணல், அதற்குள் வரிசையாகச் செங்கல்.

"கேபிளுக்கு மேல இப்படித்தான் மணல் கொட்டி செங்கல் அடுக்குவாங்க. இதுக்குக் கீழதான் சார் கேபிள். மெஷின் விட்டிருந்தா மொத கொத்துலயே போயிருக்கும்."

பூஜை போட்ட இடத்தை மாற்றுவதா என்று ஆளுக்கொன்று பேசினோம். மாமிதான் சொன்னார்: "பிள்ளையாருக்கு இன்னொரு தேங்கா ஒடச்சாப் போச்சு. அவர் கோச்சுக்க மாட்டார்."

தோண்டப் போகிறவர்களே, பூஜைக்கு முன்னால் கருவியை வரவழையுங்கள். பிளாஸ்டிக் குழாய் அதற்குத் தெரியாதாம். அதனால் முதலில் கையால் தோண்டிப் பாருங்கள். மணலும் செங்கல் வரிசையும் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

சனிக்கிழமை எதிர் ஓரத்தில் மெஷின் இறங்கியது. நான் மாமி வீட்டு ஜன்னலை விட்டு நகரவில்லை. உள்ளே ஆக்ஸிஜன் மெஷின், உஸ்... உஸ்... தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நான் தினமும் முணுமுணுத்த சத்தம்தான். குழி முடிகிற வரைக்கும் அது நிற்கவே இல்லை. மாமா கட்டிலில் படுத்தபடி எனக்குக் கையாட்டினார்.

மீனா, நீங்க நல்லா இருக்கணும்மா.