மூன்றாவது தட்டு

மலர்க்கொடி அக்கா எங்கள் பயிற்சி வகுப்பின் கதவைக் கையால் திறக்க மாட்டார். முழங்கையால் தள்ளி, பாதி திறந்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே வருவார். இரு கைகளும் நெஞ்சுக்கு நேராக, விரல்கள் விரிந்து, மருதாணி காயக் காத்திருப்பது போல இருக்கும். டீக்கடையிலும் அப்படித்தான். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும் பஸ்ஸில் வழி முழுக்க முகத்தைத் தொடாமல் வருவது அவர் தனக்கே வைத்துக்கொண்ட பரீட்சை.

"கம்பியப் பிடிங்கம்மா, பிரேக் போட்டா டிரைவர் மடியிலதான் விழுவீங்க," என்றார் கண்டக்டர் ஒருநாள்.

"கை சுத்தமா இருக்குதுங்க."

"கம்பி மட்டும் என்ன சேத்துலயா கெடக்குது?"

பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தார், கையை மட்டும் இறக்கவில்லை.

ஊசி மருந்து ஆலை ஒன்றுக்கு ஆள் தயார் செய்யும் நான்கு மாதப் பயிற்சி அது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் நடந்தது. என்னையும் சேர்த்துப் பதினான்கு பேரில் அக்காதான் மூத்தவர், முப்பத்து நான்கு வயது. தாவரவியல் பட்டம் வாங்கியதும் கல்யாணம். பிறகு பத்து வருடம் விதைப் பருத்திக் காட்டில் மொட்டைப் பிரித்து, வேறு பூவின் மகரந்தத்தைத் தடவும் வேலை. 'டிகிரி வாங்கிப் பூ கிள்ளுறா' என்று புகுந்த வீட்டில் சொல்வார்களாம். ஆலையில் மருந்து நிரப்பும் அறைக்குப் பட்டம் வேண்டும், பேக்கிங்குக்கு வேண்டாம். அக்காவுக்கு அந்த அறைதான் வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை. தலை முதல் கால் வரை மூடும் உடுப்பை எதிலும் படாமல் போட்டு, கையுறை விரல்கள் ஐந்தையும் ஒரு தட்டில் ஒற்ற வேண்டும். தட்டில் கிருமிகளுக்குப் பிடித்த கூழ் இருக்கும். ஐந்து நாள் கழித்து ஒரு புள்ளி முளைத்தாலும் தோல்வி. மூன்று வாய்ப்பு. அக்காவின் முதல் தட்டில் இரண்டு புள்ளி, இரண்டாவதில் ஒன்று.

மூன்றாவது முறை நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பயிற்றுநர் கீதாஞ்சலி மேடம் அந்தப் பக்கம் வேறொருவரின் உடுப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் வலது சுட்டுவிரல், கண்ணை மூடப் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியின் விளிம்பைத் தொட்டு மீண்டது. ஒரு இமைப்பு நேரம்தான். பிறகு தட்டில் விரல்களை ஒற்றினார். நான் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

அக்காவே சொன்னார். "மேடம், ஒத்தறதுக்கு முன்னாடி கண்ணாடியத் தொட்டுட்டேன்."

"நான் பாக்கலையே, மலர்க்கொடி."

"நான் பாத்தேன் மேடம்."

தொட்டதைச் சொல்லிவிட்டால் அந்த முறை செல்லாது, வாய்ப்பும் போய்விடும் என்பது விதி. ஆனாலும் கை வைத்த தட்டை வீசக் கூடாது, வளர்த்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பதும் விதி. மேடம் தட்டின் மேல் பெயர் எழுதி மாடியிலிருந்த ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

வெளியே வந்ததும் எங்களோடு பயிற்சியில் இருந்த ரஞ்சன்குடி வீரமணி அக்காவைப் பிடித்துக்கொண்டான். "ஏங்க்கா, வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன?"

"மூடிக்கிட்டுத்தான்டா சொன்னேன். மாஸ்க்கு போட்டிருந்தேன்ல?"

அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மாடியிலிருந்து இறங்கி வந்த அக்கா, பையிலிருந்து கடலை உருண்டை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். பேக்கிங்கில் இடம் கிடைத்துவிட்டது என்றார். "அந்தத் தட்டு என்னாச்சுக்கா?" என்று வீரமணி கேட்டான். "அதான் தொட்டுட்டேனே," என்று சொல்லி அவன் கையில் இன்னொரு உருண்டையை வைத்தார்.

இப்போது நான் அதே ஆலையின் கிருமிச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மதியம் சாப்பாட்டு அறையில் அக்காவைப் பார்ப்பேன். இன்னும் முழங்கையால்தான் கதவைத் தள்ளுகிறார், பேக்கிங்கில் யாரும் அதைக் கேட்பதில்லை.

போன மாதம் பயிற்சிக் காலத்துப் பதிவேடுகளைச் சரிபார்க்கச் சொன்னார்கள். அந்த நாளின் பக்கம் வந்தது. அக்காவின் மூன்றாவது தட்டு: முளைத்த புள்ளிகள், பூஜ்யம். அதற்கு நேரே, தட்டைத் தானே பார்த்ததாக அக்காவின் கையெழுத்து. கீழே தேதி, அந்தக் கடலை உருண்டை வியாழக்கிழமை.