தாம்பூலத் தட்டில் வந்த பிரெஞ்சுப் புத்தகம்

என் சின்ன வயதைப் பற்றிச் சொல்ல அதிகம் கிடையாது. மூன்றாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, அடுத்த வருஷமே தம்பி பிறந்து என் இடுப்பில் ஏறினான், அவன் இறங்கும்போது எனக்குக் கல்யாண வயது. சின்ன வயது என்று ஒன்றை முழுசாக அனுபவித்தது எங்கள் குடும்பத்தில் தம்பி மகள் ஒருத்திதான். அதனால் ஞாபகம் சொல்லு என்றால் அவளுடைய சின்ன வயதைத்தான் சொல்வேன். அவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். தட்டு வந்த அன்றைக்கு நடந்ததில் பாதி அவளுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். பிள்ளை பத்தாவது பாஸாகி பிளஸ் ஒன் சேரும் சமயம். தம்பி குடும்பம் கடலூர் முதுநகரில் இருந்தது. அவனுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. எனக்குச் சிதம்பரம். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகை விடும் கடை வைத்திருந்தேன். வீட்டுக்காரர் போன பிறகு, யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல், அண்டா குண்டானை வைத்தே என் பையனை பாலிடெக்னிக் வரைக்கும் கொண்டுவந்தவள் நான். பிள்ளையை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, என் வீட்டில் தங்கிப் படிப்பது என்று தம்பி முடிவு செய்தான். அவன் ஏன் அப்படி முடிவு செய்தான் என்று எனக்குத் தெரியும். நான் ஏன் உடனே சரி என்றேன் என்று அவனுக்கும் தெரியும். என் பையன் அவளுக்கு அத்தை மகன், முறை இருக்கிறது. படிப்பெல்லாம் முடிந்து நாலைந்து வருஷம் போனால் பேசிக்கொள்ளலாம். ஆனால் வாய்விட்டு நான் கேட்கவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தவனிடம் போய்ப் பெண் கொடு என்று நிற்கிறவள் நான் இல்லை. அவனே வந்து சொல்லட்டும் என்று இருந்தேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் மொழிப்பாடமாகத் தமிழ் எடுக்கலாம், இந்தி எடுக்கலாம், பிரெஞ்சு எடுக்கலாம். எது என்று திங்கட்கிழமை வந்து சொல்ல வேண்டும். பிள்ளை முன்பே முடிவு கட்டிவிட்டாள்.

“தமிழ்ல எவ்ளோ எழுதுனாலும் மார்க்கைக் கிள்ளித்தான் போடுவாங்க அத்தை. பிரெஞ்சுன்னா அள்ளிப் போடுவாங்க. எல்லாப் புள்ளைங்களும் அதத்தான் எடுக்குது.”

அவளுக்கு அது மார்க்கு விஷயம். எங்களுக்கு அப்படி இல்லை. ஏனென்றால் அவளுடைய தாய்மாமன் இருந்தது பிரான்சில். பாண்டிச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு போய், அங்கேயே வீடு வாங்கிவிட்டவர். அவருக்கும் ஒரு பையன். அவனும் முறைதான். லீவில் வந்திருந்தவர் காதில் பிரெஞ்சு என்ற சொல் விழுந்ததும், பிள்ளை வாயாலேயே பதில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அந்த ஊருக்கு வாழப் போகிற பெண்தானே அந்தப் பாஷையைப் படிக்கும் என்பது அவர் கணக்கு. எங்கள் கடைக்குப் பாத்திரம் எடுக்க வரும் லால்பேட்டை பாயின் மகள் அந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் அரபி எடுத்தாள். அவள் வீட்டில் ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில்தான் ஒரு பாடத்தை எடுத்தால் ஒரு மாப்பிள்ளையும் சேர்ந்து வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிப்போகக் கடலூர் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வீட்டில் மீன் வாசனை இல்லை. துறைமுகம் பக்கத்தில் இருக்கிற வீடு. ஞாயிற்றுக்கிழமை மீன் எடுக்காமல் அந்த அடுப்பு எரிந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வடையும் பாயசமும். தம்பி பெண்டாட்டி பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

“என்னாம்மா இன்னிக்கி, விரதமா?” என்று கேட்டேன்.

“இல்ல அண்ணி, அண்ணன் வர்றாங்க. சும்மாதான்” என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

தம்பியைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான். பெண்டாட்டியின் அண்ணன், கன்னிகாதானம் செய்து கொடுத்தவர், நாலு வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறவர். நேருக்கு நேர் இல்லை என்று சொல்லும் தைரியம் தம்பிக்குக் கிடையாது. சின்ன வயதிலும் கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பம்பரத்தைப் பிடுங்கினாலும் கொடுத்துவிட்டு வந்துதான் அழுவான்.

தாய்மாமன் காரில் வந்தார். கூடவே அவருடைய பெரியப்பா, வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஒரு கிழவர். சாட்சிக்கு ஆள் கூட்டி வருகிறாரே என்று பார்த்துக்கொண்டேன். பின்னால் டிரைவர் ஒரு தட்டைத் தூக்கி வந்தான். வெற்றிலை, பாக்கு, பூ, பழம், மஞ்சள், ஒரு பட்டுத் துணி. நடுவில் தலையணை மாதிரி ஒரு டிக்ஷனரி, தமிழும் பிரெஞ்சும் போட்டது. அதன் மேல் குங்குமம் வைத்த தேங்காய். பித்தளைத் தட்டு. அந்த மாதிரித் தட்டு என் கடையில் அடுக்கடுக்காக இருக்கிறது. அது எதற்கு வாடகைக்குப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முன்னால் தட்டு வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. எழுத்து வேண்டாம், கையெழுத்து வேண்டாம். இரண்டு கை நீட்டி வாங்கினவன் பிறகு மாற்றிப் பேசினால் உறவில் தலை நிமிர முடியாது. கல்யாணம் அடுத்த வருஷமோ ஆறு வருஷம் கழித்தோ, பெண் அந்த வீட்டுப் பெண்.

“உக்காருங்க தம்பி, மோர் குடிக்கிறீங்களா?” என்று அவரைக் கேட்டேன், கொஞ்சம் நேரம் கடத்தலாம் என்று.

“இருக்கட்டும்க்கா, நல்ல நேரம் போயிடும்” என்றார்.

“புக்கு குடுக்கறதுக்கு எதுக்கு தம்பி நல்ல நேரம்?”

அவர் சிரித்தார். “சரஸ்வதி விஷயம் இல்லையா? சும்மா கையில குடுக்கக் கூடாதுன்னு தட்டுல வெச்சேன். வேற ஒண்ணும் இல்ல.” தம்பி பக்கம் திரும்பினார். “மாப்ள, புள்ள பிரெஞ்சு படிக்கப் போவுது. அங்க நம்ம பையனுக்குச் சொன்னேன், அவனுக்கு ஜாஸ்தி சந்தோஷம். இந்தா, வாங்கிக்க.”

தட்டை நீட்டினார். கிழவர் துண்டைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்து நின்றார். தம்பி எழுந்தான். என்னைப் பார்த்தான். என்னை எதற்குப் பார்க்கிறான்? நான் தாலி அறுத்தவள். அந்தத் தட்டைத் தொடுவது இருக்கட்டும், நான் எதிரே நிற்பதே தம்பி பெண்டாட்டிக்குப் பிடிக்கவில்லை. தன் அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் அவள் வந்து நின்றிருந்தாள். என் பையனுக்காக ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் தட்டுக்குப் போட்டியாகக் கையேந்தினது போல ஆகும். வாய் வரவில்லை.

தம்பியின் கைகள் மெதுவாக மேலே வந்தன.

பிள்ளை சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பேச்சு என்று அவளை உள்ளே வைத்திருந்தார்கள். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவரே சொல்லிவிட்டார் இல்லையா, புத்தகம்தான், வேறு ஒன்றும் இல்லை என்று? சரி, அவர் சொன்னதையே நம்புவோம்.

“பாப்பா,” என்று கூப்பிட்டேன். “மாமா உனக்கு பிரெஞ்சு புக்கு வாங்கியாந்திருக்காங்க பாரு. ஓடியா, வந்து எடுத்துக்க.”

“டிக்ஷனரியா?” என்று உள்ளிருந்தே கேட்டாள். தாவணியில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். அவள் அம்மா, “ஏய், இரு இரு” என்பதற்குள் தட்டுக்கும் அப்பாவுக்கும் நடுவில் புகுந்துவிட்டாள். புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. அவ்வளவு பெரிய புத்தகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் மேலே தேங்காய் இருப்பது அவள் கண்ணிலேயே படவில்லை. தேங்காய் தட்டு விளிம்பில் மோதிக் கீழே விழுந்து, உருண்டு, டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போய் நின்றது.

உள்ளே அடுப்பில் எண்ணெய் புகைகிற வாசனை வந்தது.

“ஐயோ சாரி மாமா,” என்று சொல்லிவிட்டுப் பிள்ளை புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தரையில் குனிந்து தேங்காயைத் தேடினாள்.

தம்பியின் கைகள் அந்தரத்தில் இருந்தன. அப்படியே தலையைச் சொறிவது போல மேலே கொண்டுபோனான். மாமா தட்டைப் பிடித்தபடியே நின்றார். புத்தகம் போய்விட்டது. இனி வெற்றிலையையும் பட்டுத் துணியையும் நீட்டினால் எதற்கு என்று வாய் திறந்து சொல்லியாக வேண்டும். சொல்லாமல் காரியத்தை முடிக்க வந்தவருக்குச் சொல்ல வரவில்லை.

“அதான் புக்கு வாங்கிக்கிச்சே புள்ள,” என்றேன். “தட்டை வெச்சிட்டு வாங்க தம்பி, எல போட்டாச்சு.”

“தட்டு மாத்தலையேக்கா” என்றார் மெதுவாக.

“என்னாத்துக்குத் தட்டு?”

கிழவர்தான் முடித்துவைத்தார். “தேங்கா உருண்டுடுச்சுடா. இன்னிக்கி எதுவும் பேசக்கூடாது. கெளம்பு.”

சாப்பிடாமல் போனார்கள். போகும்போது மாமா பிள்ளையின் தலையில் கை வைத்து, “நல்லா படி” என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கார் திரும்பியதும் தம்பி பெண்டாட்டி என்னிடம் வந்தாள்.

“இப்ப நிம்மதியா அண்ணி உங்களுக்கு?”

“எனக்கென்னம்மா? புள்ளைக்குப் புக்கு கெடச்சுது.”

அவள் பாயசப் பாத்திரத்தை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நானும் தம்பியும் உட்கார்ந்து வடை தின்றோம். இரண்டாவது வடையின்போது அவன், “அக்கா, படிப்பு முடியட்டும். நம்ம பையனுக்கே…” என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், நான் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. “இப்ப என்னாத்துக்கு அதெல்லாம், தின்னு” என்றேன். என் தலை எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் பிள்ளையோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் அந்தப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள். ஆலப்பாக்கம் வரைக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

“அத்தை, நான் பிரெஞ்சுதானே எடுக்கறேன்? அப்புறம் ஏன் மாமா கோவமா போனாங்க? தேங்கா வுழுந்ததுக்கா?”

“ஆமா. தேங்கா வுழுந்ததுக்குத்தான்.”

“அதுக்குப் போய் யாராச்சும் சாப்புடாம போவாங்களா?” என்றாள். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டாள். பள்ளிக்கூடம், புது யூனிபார்ம், எந்த ரூமில் படிப்பது என்று பேச்சு ஓடியது. என் பையன் தன் ரூமை அவளுக்கு விட்டுவிட்டுக் கடையில் படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். அதைச் சொன்னேன். என் மனசில் அப்போது கல்யாணமே நடந்துகொண்டிருந்தது.

“பாவம் அத்தை அவுங்க” என்றாள். பிறகு ஏதோ யோசித்து என் கையைப் பிடித்தாள். “அத்தை, ஒண்ணு கேக்கவா? ஒங்க வீட்டுல தங்கிப் படிக்கறப்ப அவுங்கள மாமான்னு கூப்புட்டா கிளாஸ்ல எல்லாம் கிண்டல் பண்ணுவாங்க. எனக்கும் கூடப்பொறந்தவங்க இல்ல. நான் இனிமே அண்ணன்னே கூப்புட்டுக்கறேன். சரியா?”

பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என் பையனை மாமா என்று கூப்பிட்ட பிள்ளை. ஒரு தரம் அண்ணன் என்று கூப்பிட்டால் கூப்பிட்டதுதான். அதற்கு மேல் தம்பி வந்து சொன்னாலும் ஊர் வந்து சொன்னாலும், அவன் கையால் தாலி கட்டச் சொல்ல எனக்கு மனசு வராது.

புதுச்சத்திரத்தில் பஸ் நின்றது. வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் விற்கிறவள் ஜன்னலோரம் வந்து கூவினாள். பிள்ளை இன்னும் என் கையை விடவில்லை.

“சரி” என்றேன்.

சிரித்தாள். வடை தின்ற மயக்கமோ என்னவோ, பஸ் கிளம்பியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தட்டோடு வந்தவர் வெறுங்கையோடு போனதையாவது சபை பார்த்தது. தட்டே எடுக்காத என்னையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு அண்ணன் கிடைத்த சந்தோஷம்.