காய் வெடித்த மத்தியானம்

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் லுக்குட் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் சீவ ஆளில்லை. ஆண்களில் பாதிப்பேரைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் இல்லை, புத்தகமும் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரின் மகள் தங்கேஸ்வரிதான், தன்னால் முடிந்ததைச் சொல்லித் தருவோம் என்று வந்தாள். அவளுக்கே இளம் வயது.

சீவாத மரங்களுக்கடியில் வெளிச்சம் பச்சைத் தண்ணீர்போல் தேங்கி நின்றது. அங்கேதான் வகுப்பு. மரவள்ளிக்கிழங்கு தின்ற மயக்கத்தில் பிள்ளைகள் கண் சொருகி உட்கார்ந்திருப்பார்கள். உச்சியில் எங்கோ ரப்பர்க்காய் படீரென்று வெடிக்கும். புள்ளி போட்ட கொட்டைகள் சருகில் வந்து விழும்.

"டீச்சர், மழை நாள்ல மட்டும் ஏன் வெடிக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள் முத்தாயி என்ற சிறுமி.

எதையாவது சொல்லிச் சமாளிக்கத்தான் தங்கேஸ்வரிக்கு முதலில் தோன்றியது. பிறகு, "எனக்கும் தெரியேல்லை பிள்ளை. வச்சுப் பாப்பமே?" என்றாள்.

காய்களில் சிலவற்றை ஈரச்சாக்கில் சுற்றினார்கள். மிச்சத்தைப் பள்ளிக்கூடத் தகரக்கூரைமேல் பரப்பினார்கள். பிறகு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் பசிகூட எங்கோ தள்ளிப்போய் நின்றது.

ஒரு மத்தியானம் கூரை படபடவென்று வெடித்தது. சாலையில் போன ஜப்பான் சிப்பாய், யாரோ சுடுகிறார்கள் என்று சைக்கிளைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியோடு ஓடிவந்தான். தங்கேஸ்வரி கூரை ஓரத்திலிருந்து சூடான காய் ஒன்றை எடுத்து வெயில் பட்ட கல்லில் வைத்தாள். "துங்கு," என்றாள் மலாயில், பொறுங்கள் என்று. துப்பாக்கி அவள் நெஞ்சுக்கு நேராக நின்றது. சில்வண்டுகள் கத்தின. காய் சும்மா கிடந்தது. கிடந்துகொண்டே இருந்தது.

படார்!

சிப்பாய் துள்ளிவிட்டான். யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஈரச்சாக்கைப் பிரித்து, தானே ஒரு காயை எடுத்துக் கல்லில் வைத்துக் குந்தினான். வெயில் சாயும்வரை பார்த்தான். அது வெடிக்கவில்லை. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"நனைஞ்சதை எடுத்து வச்சா எப்படி டீச்சர்? காய்ஞ்சு முறுக்கினாத்தானே வெடிக்கும்!" என்றாள் முத்தாயி.

போர் முடிந்ததும் அவளுக்குச் சுவா என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பாடம் நடத்தாமல் பிள்ளைகளைக் குட்டையோரம் உட்காரவைக்கிறாள் என்று பெற்றோர் முறையிட, தலைமையாசிரியர் கண்டித்தார். மறுவாரமும் வகுப்பு அங்கேதான் நடந்தது. குட்டையில் பிள்ளைகள் பார்த்துவந்த தவளை முட்டைகளுக்கு வால் முளைத்திருந்தது.