ஜீப்புக்குள்ள நடந்த மேட்ச்

எங்க அக்கா மகன்தான் எங்க ஊரு சிலமலையிலயே நெட்டை. வீட்டு நிலைவாசல்ல குனிஞ்சுதான் நுழைவான். கட்டில்ல படுத்தா முழங்காலுக்குக் கீழ வெளியில தொங்கும். அதனால போடி கிரவுண்டுல பாஸ்கெட்பால் ஆடப் போன நாள்ல இருந்து அவனுக்கு ஒரே சோலிதான்: ரிங்குக்கு அடியில நில்லு, மேல வர்ற பந்தப் பிடி, போடு. பந்தத் தட்டிக்கிட்டு ஓடுறதெல்லாம் குட்டைப் பயலுக வேலை. ஊரே அப்படித்தான் சொல்லுச்சு, நானும் சொன்னேன். அம்புட்டு ஒசரத்த வச்சுக்கிட்டு வேற என்னத்தச் சொல்ல?

அப்படி ஆடியே, சம்பளத்துக்கு ஆடுற ஒரு டீமுல சேந்துட்டான். வடக்க ஒரு பெரிய ஊரு. போய்ச் சேந்த வாரத்துலயே போன் போட்டான்.

"மாமா, இங்க நாந்தான் குட்டை."

நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல. அங்க ரிங்குக்கு அடியில நிக்கிறவங்க அவனுக்கு மேல ஒரு தலை ஒசரமாம். இனிமே நீ பந்தக் கொண்டு போறவனா மாறணும், இல்லன்னா சீசன் முடிஞ்சதும் கெளம்ப வேண்டியதுதான்னு கோச்சு சொல்லிட்டாராம். நெட்டையா இருந்தே பேர் வாங்குன பய, மீசை மொளச்சதுக்கப்புறம் குட்டைப் பயலுக வேலைய அ, ஆவுல இருந்து கத்துக்கிடணும்.

நான் ஜீப்பு ஓட்டுறவன். காலையில போடியில ஆள் ஏத்திக்கிட்டு மெட்டு மலை ஏறி ஏலத்தோட்டத்துல விடுவேன், சாயங்காலம் கூட்டிட்டு வருவேன். அக்காவும் ஏலக்காய் எடுக்க அதே ஜீப்புலதான் வருது, எனக்குப் பக்கத்து சீட்டு. அந்த வருசம் பூரா வண்டிக்குள்ள இதே பேச்சுத்தான்.

"அவனுக்கு வேண்டியது கறியும் முட்டையும். ஒடம்ப ஏத்தி ரிங்குக்கு அடியிலயே நிறுத்தணும். அந்தக் கோச்சுக்குக் கூறே இல்ல" இது நான்.

"ஒடம்பு ஏறும்டா, ஒசரம் ஏறுமா? கோச்சு சொல்றதுதான் சரி" பின்னால இருந்து, காய் காயவைக்கிற ஸ்டோர்ல வேலை பாக்குற அண்ணன். மனுசன் போன்ல எல்லா மேட்ச்சையும் பாத்துருவார்.

"அப்ப பந்தக் கொண்டு போற எடத்துக்கு ஒரு வெளிநாட்டுக்காரன எதுக்குக் கொண்டாந்தாங்க? அவன அனுப்பிட்டு நம்ம பயல எறக்க வேண்டியதுதான?"

"ஏன், டீமு ஒன் மாமனார் வீடா?"

பொம்பளைங்க சிரிப்பாங்க. எனக்குச் சுர்ருன்னு வரும். அடுத்த வளைவுல கொஞ்சம் அழுத்தித் திருப்புவேன். "அண்ணே, கோவத்த கோச்சுகிட்டக் காட்டுங்க, எங்ககிட்ட காட்டாதீங்க"ன்னு வைவாங்க. அக்கா மட்டும் இதுல எதுலயும் சேராது. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் மறுநாள் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும்: "எறக்குனாங்களா?" இல்லக்காம்பேன். சரின்னுட்டு வெளியில பாக்கும்.

பொங்கலுக்குப் பய ஊருக்கு வந்திருந்தான். ஒருநா விடியக்கால குரங்கணிக்கு மேல லோடு ஏத்தப் போனேன். அந்த ரோட்டுல ஜீப்பே நொண்டும், அம்புட்டுக் கல்லு. பாத்தா முன்னால இவன் மேல ஏறிக்கிட்டிருக்கான், ஓட்டமா. வலது கையத் துண்டால இடுப்போட கட்டியிருக்கான். இடது கையில பந்து. கல்லுல பட்டு அது கண்ட பக்கம் தெறிக்குது, இவன் அதப் பாக்கவே இல்ல. கண்ணு மேல மலையில இருக்கு, கை தன்னால போய்ப் பந்த எடுத்துட்டு வருது. யாத்தே! நான் ஆரனும் அடிக்கல, முந்தவும் மனசு வரல. முதல் கியருல பின்னாலயே போனேன். ஸ்டோர் அண்ணன்கிட்ட மட்டும் இதச் சொல்லல. சொன்னா ஜெயிச்சுருவார்ல?

சீசனோட கடைசி மேட்ச்சு ஒரு சாயங்காலம். நாங்க மெட்ட விட்டுக் கீழ எறங்கையில ஆட்டம் ஓடிக்கிட்டிருந்துச்சு. எங்க ரோட்டுல பள்ளத்தாக்கப் பாத்த வளைவுல டவர் கெடைக்கும், மலைப்பக்கம் திரும்புனா போன்ல வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும். ஆட்டம் துண்டு துண்டாத்தான் வரும். எனக்கு ரோட்டு மேல கண்ணு, அண்ணன் வாய் மேல காது. "நாலு பாயிண்டு பின்னால." வட்டம். "சமம்." வட்டம். "அய்யய்யோ, வெளிநாட்டுக்காரனுக்குக் கால் பெரண்டுருச்சு, தூக்கிட்டுப் போறாங்க!" வட்டம்.

அடுத்த வளைவுக்கு வண்டிய வெரட்டுனேன். திரும்புனதும் அத்தன பேரும் கத்துனாங்க.

"எறக்கிட்டாங்க! யக்கா, ஒம் புள்ளைய எறக்கிட்டாங்க!"

வண்டிய ஓரங்கட்டி, டயருக்குக் கல்லு கொடுத்துட்டு எறங்கிட்டேன். பின்னால வந்த ஜீப்பு ஆரன் அடிச்சுச்சு, விசயம் தெரிஞ்சதும் அவனும் எறங்கிட்டான். அக்கா அதுவரைக்கும் ஒரு ஆட்டமும் பாத்ததில்ல. கூட்டத்துக்குள்ள தலைய விட்டு, "எதுடா நம்ம புள்ள?"ன்னு கேட்டுச்சு.

"அந்தா, குட்டையா ஒருத்தன் பந்தத் தட்டிட்டு வர்றான்ல, அவன்தான்."

"குட்டையாவா?" அக்கா போனக் கையில வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்துச்சு. "ஆத்தாடி, எம் புள்ள இம்புட்டூண்டா!"

மலைமாடு மாதிரி ரெண்டு பேரு அவன் மேல பாஞ்சானுக. பந்த இடது கைக்கு மாத்துனான், குரங்கணிக் கல்லுல மாத்துன மாதிரியே, கீழ பாக்காம. ரெண்டு பேருக்கும் நடுவுல பூந்து வந்தவன், திரும்பிக்கூடப் பாக்காம பந்தப் பின்னால விட்டான். ரிங்குக்கு அடியில நின்ன அவன் டீமு நெட்டையன் கையில அது போய் உக்காந்துச்சு, அவன் சும்மா வச்சான், விழுந்துருச்சு. அடியில நிக்கிறவனுக்குப் பந்து எங்க வேணும்னு இவனுக்குத் தெரியாதா? அத்தன வருசம் அங்கதான நின்னான்! நான் தூக்கிச் சுமந்த பயலான்னு பாத்துக்கிட்டே நின்னேன்.

ஆட்டத்துல தோத்தாங்க. டீமும் அவன வச்சுக்கிடல. போன்ல அதச் சொல்லிட்டு அவன் ஒரு வாரம் கூப்பிடல. அந்த வாரம் பூரா ஜீப்புல அண்ணன் போனப் பையில இருந்து எடுக்கவே இல்ல.

அப்புறம் ஒரு காலையில, போடியில ஆள் ஏத்துறப்ப, போன் வந்துச்சு. அன்னைக்கு எதுத்து ஆடுன டீமே அவனக் கேட்டிருக்காம்.

"எந்த எடத்துக்குக் கேட்டாங்க மாப்ளே?"

"பந்தக் கொண்டு போற எடத்துக்கு, மாமா."

பின்னால அண்ணன் தொடையத் தட்டுனார். நல்லாத் தட்டட்டும்னு விட்டுட்டேன். அக்கா எங்கிட்ட இருந்து போன வாங்குச்சு.

"எறக்குவாங்களா?"

"மொத ஆளா எறங்குறேம்மா."

அக்கா சரின்னுச்சு. அன்னைக்கு வெளியில பாக்கல. பின்னால திரும்பி, "ஏண்ணே, அடுத்த மேட்ச்சு என்னைக்கு?"ன்னு கேட்டுச்சு.