உப்பு வடிகால் மேல் ஒரு சின்னப் பாலம்

கான்கிரீட் போடுகிற தொழிலில் பரீட்சை முடிவு சில வருஷம் கழித்துத்தான் வரும். சட்டையில் சிமென்ட் கறையோடு பஸ் ஏறும் சக ஓவர்சியர்களே, உங்களுக்குத் தெரியாததா?

உதிர்ந்த பாலம்

தொண்ணூறுகளின் நடுவில், காங்கேயம் பக்கம் ஒரு வடிகால். வயல்களில் கசிந்த தண்ணீரெல்லாம் அதில்தான் சேரும். கோடையில் கரை முழுக்க உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். அதன் குறுக்கே நான் முன்னின்று கட்டிய பாலம் ஐந்தே வருஷத்தில் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது.

பார்க்கப் போனபோது அக்கரைத் தோட்டத்துத் தெய்வானையம்மா பாலம் தாங்காதென்று மாடுகளை ஒவ்வொன்றாக அதைக் கடக்க வைத்துக்கொண்டிருந்தார். கட்டினவன் நான்தான் என்று ஒருவழியாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"தெரியுமுங்க தம்பி. அப்ப உங்களுக்கு மீசை கூடச் சரியா மொளைக்கலீங்க."

காதர் பாயின் பங்கு

பழைய பாலத்துக்குக் கொத்தனாராக இருந்த உக்கடம் காதர் பாயை அழைத்துப்போனேன். வடிகால் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பாலம் கட்டிய அன்று கிணறு தூரமென்று, அந்தத் தண்ணீரையே கலவைக்கு எடுக்கச் சொன்னது நான். வெளியே ஓடுகிற உப்பு போதாதென்று உள்ளேயும் சேர்த்திருந்தேன். பாய் அப்போதே வேண்டாமென்றார்.

பாலம் ஏன் உதிர்ந்தது என்று மேலிடத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் என் தவற்றை எழுதி அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"என் பேரையும் சேத்து எழுதுங்க சார். வேண்டாம்னு சொன்னேனே ஒழிய, கலக்கறத நிறுத்தலையே."

ஈரச் சாக்கு

என் பதவி உயர்வு தள்ளிப்போனது. பாலத்தைத் திரும்பக் கட்ட அனுமதி வந்தது. இந்த முறை உப்பைத் தாங்கும் சிமென்ட், தண்ணீர் குறைத்த இறுக்கமான கலவை, மண்ணுக்குள் இருக்கும் பகுதிக்குத் தார்ப் பூச்சு. ஆனால் கான்கிரீட்டை நனைக்க வரவேண்டிய தண்ணீர் லாரி வரவில்லை. தெய்வானையம்மா தன் கிணற்றில் ஊறிய கொஞ்சத் தண்ணீரை வண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவந்து, கான்கிரீட் இறுகும் இரண்டு வாரமும் அதன்மேல் போர்த்திய சாக்குகளை நனைத்தார். தென்னை வாடுகிறதே என்று கேட்டேன்.

"தென்னை மறுக்காத் தழைச்சுக்குமுங்க. இது இப்பக் காஞ்சுபோட்டா அப்பறம் ஆவாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

முதல் நடை

பாலம் திறந்த அன்று மாடுகள் புது இடமென்று மிரண்டு நின்றன. தெய்வானையம்மா முதல் மாட்டின் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"நீங்க முன்னால நடங்க தம்பி. அது நம்பி வந்துருமுங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறேன்; இதுவரை ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. நாம் கட்டியதைத் திட்டுகிறவர்களால் அல்ல, அதை நம்பி மேலே நடக்கிறவர்களால்தான் இந்தத் தொழிலில் தூக்கம் கெடுகிறது.