திண்டிவனத்தில் வாங்காமல் வந்த கார்டு

வீடுகளின் முகப்பைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து கொடுப்பது என் வேலை. விழுப்புரத்தில் எங்கள் வீட்டு ஹால்தான் என் அலுவலகம். ஒருநாள் மதியம் திரை முழுக்கப் பச்சைக் கோடுகள் ஓடி, எல்லாம் அணைந்துபோனது. கருகிய வாடை அடித்தது. திரையில் படங்களை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றார் பழுது பார்க்க வந்தவர்.

என் கைக்கு எட்டும் விலையில் புதிது என்றால் சின்ன கார்டுதான். அதே விலைக்குப் பழைய பெரிய கார்டு ஒன்று திண்டிவனத்தில் இருப்பதாக இணையத்தில் விளம்பரம் பார்த்தேன். போட்டவரும் என்னைப் போலப் பெண் என்பதால் தைரியமாகப் பஸ் ஏறினேன்.

மாடி வீடு. அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என்னை உள்ளே விட்டதும் கதவைத் தாழிட்டார். நான் கொண்டுபோன வரைபடம் அவர் கம்ப்யூட்டரில் தடையில்லாமல் சுழன்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைத்துவிட்டுக் கார்டைக் கழற்றத் தொடங்கினார். திருகாணி அவர் விரல்களில் நிற்கவில்லை. ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு வேலைக்கும் போவாம இதுலயே கேம் விளையாடிக்கினு இருக்காருங்க. விக்கிறது அவருக்குத் தெரியாது. கடைக்குப் போனவரு வர்றதுக்குள்ள எடுத்துக்கினு போயிடுங்க."

கார்டு என் கையில் இன்னும் சூடாக இருந்தது. கீழே பைக் வந்து நின்றது. படியில் செருப்புச் சத்தம் ஏற ஏற, ஒளிய இடம் தேடினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண்தான் போய்த் தாழை நீக்கினார். கணவர் திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"நான்தான் விக்கிறேன்," என்றார் மனைவி.

கணவர் என் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் கதவருகிலேயே நின்றார். கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. கார்டை மேசையில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று முனகி, அவர்மேல் படாமல் வெளியேறினேன். அந்தப் பெண்ணைத் தனியே விட்டு வந்தது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அன்று மாலை அந்தப் பெண்ணுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாள் காலை அவரே பேசினார்.

"ஒண்ணும் ஆவலைங்க. அவரு ஒரு வார்த்தை பேசலை. நான் எங்க அம்மா வூட்டுக்கு வந்துட்டேன்."

கார்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விழுப்புரத்திலேயே சின்ன கார்டைப் புதிதாக வாங்கினேன். அதில் ஒரு முகப்பு முடிய அரை நாள் ஆகிறது.